யார் தந்தது சோம்பேறிப் பட்டம்?

நம் இல்லங்களில் ஒரு சொல் மிக மலிவாகப் புழங்குகிறது. ஏழு மணிக்கும் எழ இயலாமல் கிடக்கும் மருமகள்மீதும், கல்லூரியிலிருந்து திரும்பியதும் பாயில் சாயும் மகன்மீதும், அன்பியக் கூட்டத்துக்கு மூன்று வாரமாய் வராத அண்டை வீட்டுக்காரர்மீதும் அச்சொல் வீசப்படுகிறது. வீசுகிறவருக்குச் செலவு ஏதுமில்லை. வாங்குகிறவரோ அதை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார். ‘சோம்பேறி’ என்பதே அச்சொல். இதனை எதிர்த்து எழுதவே இப்பக்கங்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்கினேன். எனவே வாசக அன்பர்கள் இக்கட்டுரையில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ் இவ்விஷயத்தில் நம்மைவிட நியாயமானது. வேலை செய்து முடித்தபின் வருவது களைப்பு. ஓர் உறக்கத்தில் அது தீரும். மனமும் உடலும் ஒருங்கே தளர்வது சோர்வு. காரணம் தெரியாமல் கைகாலைப் பிடித்துக் கீழே இழுப்பது அசதி. செய்ய முடிந்தும் செய்ய மனமில்லாதிருப்பது சோம்பல். நான்கு நிலைகளுக்கும் நான்கு சொற்கள் நம்மிடம் இருக்க, நாம் நான்கையும் ஒரே சாக்கில் கட்டி, அதன்மேல் நான்காவதன் பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.

நான் யாருக்காகப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குடியும் புகையும் அறியாதவர். விடியுமுன் எழுந்து நடப்பவர். வெள்ளைச் சர்க்கரையை விலக்கிக் கேழ்வரகுக்கும் கம்புக்கும் மாறியவர். இரவு பத்துக்கு விளக்கணைப்பவர். இத்தனைக்குப் பிறகும், எட்டு மணி நேரம் உறங்கி எழும்போது இரவெல்லாம் நெல்மூட்டை சுமந்தவரைப்போல் எழுகிறார். பங்கு இல்லத்துத் திண்ணைக்கு இத்தகையோர் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்கள் தம் நோவைச் சொல்லித் தொடங்குவதே இல்லை. “சாமி, நான் சோம்பேறி இல்லை” என்றுதான் தொடங்குகிறார்கள். நான் குற்றம் சாட்டவில்லையே! வீட்டில் எத்தனை முறை விசாரிக்கப்பட்டிருந்தால், வாய் திறந்ததும் வாதாடத் தோன்றும்?

நல்ல பழக்கம் இருந்தால் நல்ல உடம்பு இருந்தே தீரும். உடம்பு நன்றாயில்லை எனில் பழக்கத்தில் எங்கோ களவு இருக்கிறது. இக்கணக்கு புதிதன்று. யோபுவின் நண்பர்களான எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் போட்டது இதே கணக்குத்தான். நீ துன்புறுகிறாய், ஆகவே பாவம் செய்திருக்கிறாய் என்றார்கள் அவர்கள். பாவம் என்று அவர்கள் சொன்ன இடத்தில் நாம் பழக்கம் என்ற சொல்லை வைத்திருக்கிறோம். இரவில் கைப்பேசி பார்க்கிறாயா? தண்ணீர் குடிப்பதில்லையா? எதையோ மனத்தில் போட்டுக் குழப்பிக்கொள்கிறாயா? இப்படி ஏதேனும் ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்கும்வரை நம் விசாரணை ஓய்வதில்லை. அம்மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். நூலின் இறுதியில் ஆண்டவரின் சினம் மூண்டது இவர்கள்மீதே என்பதை மறையுரைகளில் நாம் போதுமான அளவு சொல்வதில்லை.

நடைப்பயிற்சியையும் கேழ்வரகையும் நான் பழிக்கவில்லை. அவை நல்லவை, பல நோய்களைத் தடுப்பவை. ஆனால் அவை ஒப்பந்தப் பத்திரங்கள் அல்ல.

அடுத்து, ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்ற வாக்கியத்தைச் சற்று உரித்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். கேளாத கேள்விக்கு வாய் திறவாது. ஹீமோகுளோபின் அளவு சரியாக இருக்கும்போதே உடலில் இரும்புச்சத்தின் கையிருப்பு வற்றியிருக்கக்கூடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்னும் வேறொரு சோதனை. இரத்தசோகை இல்லாத, ஆனால் இந்தக் கையிருப்புக் குறைந்த 198 பெண்களிடம் பிரான்சில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வொன்று உண்டு. பன்னிரண்டு வாரம் இரும்பு மாத்திரை உண்டவர்களின் அசதி, வெற்று மாத்திரை உண்டவர்களின் அசதியைவிடத் தெளிவாகக் குறைந்தது. ‘நார்மல்’ என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடிய பெண்கள் இவர்கள். இது கையிருப்பு மட்டும் குறைந்தவர்களின் கதை. இரத்தசோகையைப் பற்றி என்ன சொல்ல? 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினருக்கும் அது இருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் பெண்கள் பக்கம் அமர்ந்திருப்போரை இருவர் இருவராக எண்ணிப் பாருங்கள். பிறகு அவர்களுள் யாரைச் சோம்பேறி என்பது என்று முடிவு செய்யுங்கள்.

தைராய்டு சுரப்புக் குறைவும் இப்படித்தான். இந்திய நகரங்கள் எட்டில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரிடம் அது காணப்பட்டது. சர்க்கரை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் உண்போர்க்கு பி-12 உயிர்ச்சத்து குறையலாம். எத்தனை பேருக்கு அதைச் சோதிக்கிறார்கள்? குறட்டையையோ நாம் நகைச்சுவைத் துணுக்காகவே வைத்திருக்கிறோம். உறக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டு, ஒரு மணி நேரத்தில் பல முறை மூச்சு நின்று, மூளை ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு விழித்தால், எட்டு மணி நேரப் படுக்கை உறக்கமாகுமா? ஒவ்வாமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் சில மாத்திரைகளேகூட அசதி தரும். 2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை உலுக்கிச் சென்றபின் மாதக்கணக்கில் மூட்டுவலியோடும் அசதியோடும் நடமாடியவர்களை நாம் கண்ணால் கண்டோம். அப்போது யாரும் அவர்களைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் படுத்திருந்ததால் சொல்ல ஆளில்லை.

இவை யாவும் சோதிக்கப்பட்டு, ஒன்றுமே அகப்படாத ஒரு கூட்டமும் உண்டு. இவர்களுடைய வரலாறுதான் இப்பட்டம் எப்படி வழங்கப்படுகிறது என்பதை நன்றாகக் காட்டுகிறது.

1955 ஜூலையில் இலண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு வினோத நோய் பரவியது. மருத்துவர், செவிலியர், அலுவலர் என்று பணியாளர்கள் 292 பேர் படுத்தனர். தசைவலி, தலைச்சுற்றல், சொல்லொணா அயர்ச்சி. மருத்துவமனையையே அக்டோபர் வரை மூடவேண்டியதாயிற்று. எந்தக் கிருமி என்று யாருக்கும் பிடிபடவில்லை. இத்தகைய நோய்க்கு 1956-இல் மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ் என்று பெயர் முன்மொழியப்பட்டது. தசைவலியோடு மூளையும் தண்டுவடமும் அழற்சியுறுவது என்று பொருள். 1969 முதல் உலக சுகாதார நிறுவனம் அதனை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் வைத்தது. ஆயினும் 1970-இல் மனநல மருத்துவர் இருவர், பழைய நோய்க்குறிப்புத் தாள்களைப் புரட்டிப் பார்த்து, ஒரு நோயாளியைக்கூட நேரில் சோதிக்காமல், இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று, பாதிக்கப்பட்டோரில் பெண்களே மிகுதி என்பது! அதே மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவை நடத்தி, நோயாளிகளைக் கண்ணால் கண்ட மெல்வின் ராம்சே என்ற மருத்துவர் தம் வாழ்நாள் முழுதும் அதனை மறுத்தார். உலகின் செவியில் ஏறியது மற்ற இருவரின் சொல்லே.

பின்னர் 1984-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், டாஹோ ஏரிக்கரைச் சிற்றூரான இன்க்லைன் வில்லேஜில் இதுபோலவே பலர் படுத்தார்கள். பணக்கார இளைஞரின் காய்ச்சல் என்று இதழ்கள் கேலி செய்தன. 1988-இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் அதற்கு நாள்பட்ட அசதி நோய்க்குறித்தொகுதி என்று பெயரிட்டது. இப்பெயர் நோயாளிகளுக்குச் செய்த தீமை கொஞ்சமல்ல. ‘அசதியா? எனக்கும்தான் இருக்கிறது’ என்று எவரும் சொல்லிவிடலாம் அல்லவா? காசநோய்க்கு நாள்பட்ட இருமல் என்று பெயரிட்டிருந்தால் அதன் கதியும் இதுவே.

எல்லாவற்றினும் கொடியது சிகிச்சை என்ற பெயரில் நேர்ந்தது. ஒவ்வொரு வாரமும் உடற்பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டு, உன் நோய் உன் எண்ணத்தில் பாதி இருக்கிறது, எண்ணத்தை மாற்று என்று நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டது. பிரிட்டனில் 641 பேரை வைத்து நடத்தி 2011-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இம்முறைக்கு முத்திரை குத்தியது. நூற்றுக்கு 22 பேர் குணமடைந்தனர் என்று பிறகு அறிவித்தார்கள். உடற்பயிற்சி தம்மைக் கிடையாய்க் கிடத்திவிட்டது என்று நோயாளிகள் கதறியதை, முயற்சி செய்ய மனமில்லாதவர்களின் கூச்சல் என்று ஒதுக்கினார்கள். (சோம்பேறி என்பதற்கு மருத்துவமொழியில் எத்தனை அழகிய மாற்றுச் சொற்கள்!) ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஒரு நோயாளி விடாமல் போராட, 2016-இல் தீர்ப்பாயம் ஆய்வின் மூலக் கணக்குகளை வெளியிட ஆணையிட்டது. ஆய்வாளர்களே முதலில் வகுத்து, பின்னர் தளர்த்திக்கொண்ட அளவுகோலைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது, நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. அம்முறையை 2007-இல் பரிந்துரைத்த பிரிட்டனின் வழிகாட்டி நிறுவனமான நைஸ், 2021 அக்டோபரில் இந்நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கலாகாது என்று திருத்தியது. பதினான்கு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பேர் எழுந்து நடக்க முயன்று படுக்கையோடு படுக்கையானார்களோ!

இந்நோயின் தனிக்குறி இதுதான்: உழைத்த அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உடல் அப்படியே சரியும். ஒரு திருமணத்துக்குப் போய்வந்தவர் மூன்று நாள் எழமாட்டார். திருமணத்தில் சிரித்துப் பேசியதைக் கண்டவர்கள், ‘அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தாள்’ என்று சாட்சி சொல்வார்கள். 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இச்சாட்சிகளுக்கு ஒரு மறுமொழி. கொரோனாத் தொற்றுக்குப்பின் நீங்காத அசதியுற்ற 25 பேரையும் நலமான 21 பேரையும் மிதிவண்டிக் கருவியில் உழைக்கவைத்து, உழைப்புக்கு முன்னும் பின்னும் தொடைத்தசையில் சிறு துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். அசதியுற்றவர்களின் தசையில், அணுக்களுக்கு ஆற்றல் தரும் பகுதிகளின் செயல் உழைப்புக்குப்பின் குன்றியிருந்தது. தசைநார்ச் சிதைவும் மிகுந்திருந்தது. பல காலம் ‘எண்ணத்தில் இருக்கிறது’ என்றார்களே, அது தசையில் இருந்தது.

வெள்ளைக்காரர் கதை நமக்கெதற்கு என்று யாரேனும் கேட்கலாம். நம் ஊர்க் கதை இதனினும் நன்றாக இல்லை. இங்கே அசதிக்கு முதல் மருந்து, தெருமுனை மருத்துவரிடம் படுத்து ‘குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது’. ஐந்து விழுக்காட்டுக் குளுக்கோஸ் நீர் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். சர்க்கரைக் கணக்கில் ஐந்தாறு தேக்கரண்டி. வாயால் குடித்தால் சில ரூபாயில் முடிவதை ஊசி வழியே பல நூறு ரூபாய்க்கு வாங்கி, தெம்பு வந்ததாக நம்பித் திரும்புகிறோம். இரண்டாவது, டானிக். மூன்றாவது, மந்திரித்துக் கட்டுவது; நம் மக்களே இருட்டில் இதற்குப் போகிறார்கள் என்பதை நானறிவேன். நான்காவது, செபக்கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, ‘உன் விசுவாசம் குறைந்ததால் உன் பலம் குறைந்தது’ என்பது. நான்காவதைச் செய்வோர் மீதே எனக்குக் கோபம் அதிகம். மருத்துவர் நோயாளியின் பணத்தை எடுக்கிறார். இவர்கள் அவருடைய கடவுளையே எடுத்துவிடுகிறார்கள்.

தலையான பாவங்கள் ஏழில் சோம்பலும் ஒன்றல்லவா என்று உபதேசியார் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அவ்விடத்தில் மூலச்சொல் அக்கேதியா என்பது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத் துறவி எவாக்ரியுஸ் இதைப் பற்றி எழுதினார். இறைவேண்டலிலும் தன் துறவு வாழ்விலும் கசப்புற்று, உச்சிவேளையில் சாளரத்தை எட்டி எட்டிப் பார்க்கும் மனநிலையைத்தான் அவர் குறித்தார். புனித தாமஸ் அக்குவினாஸ் அதனை இறை நன்மையைக் குறித்த துயரம் என்று வரையறுத்தார். அப்படியானால் நாள் முழுதும் ஓடியாடி வியாபாரம் செய்து, கடவுளைப் பற்றிய நினைவே கசக்கும் ஒருவர் இப்பாவத்தில் மூழ்கியிருக்கலாம். படுக்கையில் கிடந்தபடி செபமாலை மணிகளை உருட்டக்கூடக் கை எழாதவர் இதனைத் தொடாமலே இருக்கலாம். நோன்பிருப்போரை நண்பகலில் பசியும் வெயிலும் வாட்டும்போது இத்துயரம் எளிதில் பற்றுகிறது என்று அக்குவினாஸே எழுதியிருக்கிறார். உடலின் குறைபாடு மனத்தைத் தளர்த்தும் என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவிக்குத் தெரிந்திருந்தது. ‘சோம்பல்’ என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்து நாம் மனப்பாடம் செய்ததில் இது போயிற்று.

இப்படியே இடங்கொடுத்தால் உண்மையான சோம்பேறிகள் தப்பித்துக்கொள்ள மாட்டார்களா என்பார்கள். தப்பட்டுமே! ஆனால் வேறுபாட்டைக் காண்பதும் அப்படியொன்றும் கடினமன்று. சோம்பேறி தன் ஓய்வை இரசிப்பான். ஏன் தன்னால் வேலை செய்ய இயலவில்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலையமாட்டான். மற்றொரு தரப்பினர், இதெல்லாம் மனச்சோர்வு நோய்தான் என்பார்கள். சிலரிடம் அதுவேதான், அதுவும் சிகிச்சைக்குரிய நோயே, வெட்கத்துக்குரிய இரகசியம் அன்று. விருப்பமே வற்றிவிட்டதா, விருப்பம் இருந்தும் உடல் மறுக்கிறதா என்று கேட்டுப் பிரித்தறிவது அவசியம். முன்னவருக்கு நடைப்பயிற்சி மருந்தாகலாம். உழைப்புக்குப்பின் சரியும் பின்னவருக்கு அதுவே நஞ்சாகலாம். கேளாமல் அறிவுரை சொல்லும் அத்தைமார்களும் மாமாக்களும் இதையாவது நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. 2019-இல் நடுவண் அரசு எடுத்த நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரிந்தது. ஆண்களில் பலர் வீட்டுவேலையைத் தொடுவதே இல்லை; தொடுவோரின் கணக்கே 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவாக வேலை செய்தவர், மாலையில் ‘அசதியாயிருக்கிறது’ என்றால் அதைக் காரணம் தெரியாத அசதி என்று எழுதிக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே ஏராளம். பரிசோதனைக்கு இரத்தம் எடுக்குமுன் அங்கே துடைப்பத்தையும் தேய்க்கும் பாத்திரங்களையும் சற்றுக் கைமாற்றிப் பார்க்கலாம்.

உழைப்புக்குப்பின் சரிவோர்க்கு இன்று மருத்துவ உலகம் சொல்லும் வழி, கையிருப்பு அறிந்து செலவிடுவது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவர, எந்த வேலை எத்தனை நாள் கழித்துப் படுக்கவைக்கிறது என்பது புலப்படும். அதன்பின் அவ்வேலையைத் துண்டாக்க வேண்டும். காய்கறியை அமர்ந்து நறுக்கவேண்டும். துணியை ஒரே நாளில் துவைத்து முடிக்கக் கூடாது. களைக்குமுன்னரே ஓய வேண்டும். ‘இன்றைக்கு நன்றாயிருக்கிறது’ என்று தோன்றும் நாளே இவர்களுக்கு ஆபத்தான நாள், ஏனெனில் பத்து நாள் பாக்கியை அன்றே தீர்க்கக் கை பரபரக்கும். இதற்கு வீட்டார் ஒத்துழைக்காவிடில் நோட்டும் வீண். வரம்பு வகுப்பது நோயாளி, மதிக்கவேண்டியவர் மற்றவரல்லவா?

பங்கின் கடமை என்ன என்றும் கேட்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2181, நோய் போன்ற தக்க காரணம் இருப்போரை ஞாயிறு கடனிலிருந்து விடுவிக்கிறது. ஆய்வுக்கூடச் சான்றிதழ் கொண்டுவரவேண்டும் என்று அவ்வெண்ணில் எழுதியிருக்கவில்லை. வர இயலாதவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுசெல்ல நான் ஆயத்தம். மாடியில் குடியிருப்போர் கீழே இறங்கி வரவேண்டியதில்லை. வருவோருக்கென்று ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் கடைசி வரிசையில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் ஆறு போட்டிருக்கிறோம். இரண்டைப் பாடகர் குழுவினர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வாரம் திரும்பி வந்துவிடும். நற்செய்தி வாசிக்கும்போது அவற்றில் அமர்ந்தே இருப்பவர் இளைஞராயினும், கட்டுமஸ்தான உடம்புக்காரராயினும், அருகில் சென்று காரணம் கேட்கலாகாது என்று கோவில்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.